விரல் எட்டும் தூரம்

நம் வீட்டில் தீபாவளிக்குக் கேப் துப்பாக்கி வாங்கியதே இல்லை. மத்தாப்பு வாங்கினேன், சங்குசக்கரம் வாங்கினேன். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பட் பட்டென்று சுட்டுக்கொண்டு ஓடும்போது நீங்கள் என் முகத்தைப் பார்ப்பீர்கள். அப்பா கஞ்சன் என்று நினைத்திருப்பீர்கள். காரணம் அதுவல்ல. ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னால்தான் அது உங்களுக்குப் புரியும். இப்போது விவரம் தெரிந்த வயதுக்கு வந்துவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். அவர் பெயரை எழுத மனம் வரவில்லை. நான் வேலை பார்த்த துப்பாக்கிக் கடையில் எல்லோரும் மிஸ்திரி என்று கூப்பிட்டோம். இங்கேயும் அதுவே போதும்.

மிஸ்திரி யாரைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பார்ப்பார். முகம் அப்புறம்தான். சயான் ஸ்டேஷனில் நாங்கள் இருவரும் வண்டி ஏறினால், மேலே கம்பியைப் பிடித்திருக்கும் கைகளையே பார்த்துக்கொண்டு கடைசி ஸ்டேஷனான வி.டி. வரை வருவார். "அந்தா, கோடு போட்ட சட்டைக்காரன் கையப் பாரு தம்பி. உள்ளங்கை பெருசு, விரல் குட்டை. இவனுக்கு எதை வெச்சாலும் கஷ்டம்" என்பார். அந்த ஆள் பாவம், ஆபீசுக்குப் போகிற குமாஸ்தா. துப்பாக்கிக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? மிஸ்திரிக்கு அதெல்லாம் கிடையாது. உலகத்தில் இருக்கிற கை எல்லாம் என்றைக்காவது தன் மேஜைக்கு வரப்போகிறது என்பதுபோலப் பார்ப்பார்.

அவர் மனைவி ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி இந்த மனுசன் என் கையத்தான் பாத்தாரு. மூஞ்சிய எப்பப் பாத்தாருன்னு எனக்கு இன்னும் தெரியல்ல. நாளைக்கு ரோட்டுல காணாமப் போனேன்னா, போலீசுக்கு என் விரல் நீளத்தைத்தான் சொல்லுவாரு."

மிஸ்திரி சிரித்தார். அந்த வருஷம்வரை அவர் சிரிக்கிற மனிதராகத்தான் இருந்தார்.

எங்கள் கடை கோட்டைப் பக்கம் இருந்தது. லைசென்ஸ் உள்ளவர்களுக்குத் துப்பாக்கி விற்கிற கடை. முதலாளி சேட் முன்னால் உட்காருவார், நான் கவுன்டரில் நின்று துடைத்து எடுத்துக் கொடுப்பேன், பின்னால் தட்டி மறைத்த பட்டறையில் மிஸ்திரி. சீனச் சண்டைக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து புதுச் சரக்கு வருவது அநேகமாக நின்றுபோயிற்று. பழைய பிஸ்டல்கள்தான் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. அதனால்தான் மிஸ்திரிக்கு வேலை. ஒருவருக்குப் பொருந்தியது இன்னொருவருக்குப் பொருந்தாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிஸ்டலில் விரலால் இழுக்கிற விசை இருக்கிறதல்லவா, அதைப் பட்டறையில் குதிரை என்போம். நீள விரல்காரனுக்குக் குதிரை முன்னால் தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விரல் மடிப்பு வரை உள்ளே போய், இழுக்கும்போது குழாய் ஒரு பக்கம் திரும்பிவிடும். குட்டை விரல்காரனுக்குப் பின்னால் தள்ளி, பிடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எட்டாது, எட்டுவதற்காகப் பிடியையே நெகிழ்த்திவிடுவான். சில பிஸ்டல்களில் குதிரையைக் கழற்றி வேறு நீளத்தில் மாட்டலாம். மாட்ட முடியாததற்கு மிஸ்திரி இரும்பை அராவிப் புதிதாகவே செய்வார். "விரல் நுனிச் சதை படணும், மடிப்பு படப்படாது" என்பதை நாளைக்குப் பத்து தடவையாவது சொல்வார். வந்தவர் கையில் முதலில் ஒரு மரப் பிஸ்டலைக் கொடுப்பார். தேக்கில் அவரே செதுக்கியது. அதில் குதிரையை முன்னும் பின்னும் நகர்த்தித் திருகாணி போடலாம். கண்ணை மூடிப் பிடிக்கச் சொல்வார். "கண்ணைத் தொறந்திருந்தா கை நடிக்கும்" என்பார்.

தாராவியில் அவர் வீட்டுக்கு எதிரே ஒரு தையல்காரர் இருந்தார். அவரும் நம் பக்கத்துக்காரர்தான், வாய் கொஞ்சம் நீளம். மிஸ்திரி வேலை முடிந்து வரும்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார்: "என்னவே, இன்னைக்கி எத்தனை பேருக்கு அளவெடுத்தீரு? நானும் அளவுதான் எடுக்கேன், நீரும் அளவுதான் எடுக்கீரு. நான் எடுத்தா சட்டை வருது. நீரு எடுத்தா பொணம்லா வருது!"

"ஒம்ம சட்டையப் போட்டவனும் ஒருநா பொணந்தாம்வே" என்று மிஸ்திரி பதில் சொல்வார். தெருவே சிரிக்கும்.

செம்பூர் விஷயத்துக்குப் பிறகு தையல்காரர் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

செம்பூரில் தோட்டத்தோடு கூடிய ஒரு வீடு. வீட்டுக்காரர் அடிக்கடி வெளியூர் போகிற உத்தியோகம். பக்கத்தில் அதிக வீடுகள் இல்லாத இடம். அவர் மனைவியைக் கடைக்குக் கூட்டிவந்தார். லைசென்ஸ் இருவர் பெயரிலும் இருந்தது. அந்த அம்மாவுக்குச் சின்னக் கை. மிஸ்திரி மரப் பிஸ்டலில் அளந்து, குதிரையை நன்றாகப் பின்னால் தள்ளி, குட்டையாகச் செய்து மாட்டினார். அந்த அம்மா கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்து, "எனக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது" என்று இங்கிலீஷில் சொன்னார். அன்று சாயங்காலம் ரயிலில் மிஸ்திரி யார் கையையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்து மெதுவாக ஏதோ பாடிக்கொண்டு வந்தார்.

அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. ஒரு மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் பையன் அலமாரியைத் திறந்திருக்கிறான். விளையாட்டாகத் தங்கைக்கு நேரே பிடித்திருக்கிறான். இதற்கு மேல் நான் எழுத வேண்டாம்.

போலீஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்து பில்லைப் பார்த்தார், லைசென்ஸ் நகலைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சாயா குடித்துவிட்டுப் போனார். அவரிடம் மிஸ்திரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார், பையனுக்கு என்ன வயது என்று. ஏழு என்றார் அவர்.

மறுநாள் மிஸ்திரி வேலைக்கு வரவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்கச் சாயங்காலம் அவர் வீட்டுப் பக்கம் போனேன். வழியில் முனிசிபல் ஸ்கூல் வாசலில் ஒரே கூட்டம், குழந்தைகளின் கூச்சல். நடுவில் மிஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் மரப் பிஸ்டல். பையன்கள் வரிசையில் நின்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். "எனக்கு, எனக்கு! மாமா, நான் இன்னும் பிடிக்கலை!"

"உனக்கு எத்தனை வயசு?"

"ஏழு."

"கண்ண மூடிக்கோ. பிடி. விரலை நீட்டு. சரி, போ. அடுத்தவன் வா."

குழந்தைகளுக்கு அது விளையாட்டு. ஒருவன் "டிஷ்யூம்" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்திரி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்தது அன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

"பழைய அளவுல வெச்சுப் பாத்தேன் தம்பி. ஒருத்தனுக்கும் எட்டல்ல. நான் வெச்சுக் குடுத்த அளவுல எல்லாப் பயலுக்கும் எட்டுது" என்றார்.

"அண்ணாச்சி, நீங்க அந்தம்மா கைக்குத்தானே வெச்சீங்க?"

"ஆமா. அந்தம்மா கைக்குத்தான் வெச்சேன்."

அதற்குப் பிறகு அவரிடம் புதிய பழக்கம் ஒன்று வந்தது. பிஸ்டலைத் தொடுவதற்கு முன் வந்தவரிடம், "வீட்ல சின்னக் கை உண்டா?" என்று கேட்பார். சிலர் புரியாமல் விழிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும், நீ யார் என் குடும்பத்தை விசாரிக்க என்று. சேட் உள்ளே வந்து கத்துவார். மிஸ்திரி கேட்டுக்கொள்வார். அடுத்து வருபவரிடம் மறுபடி அதையே கேட்பார். குட்டைக் குதிரை செய்வதை அடியோடு விட்டுவிட்டார். தெருவில் யார் வீட்டுக் குழந்தையைக் கண்டாலும் கையைப் பிடித்து விரல்களை நீவி நீவிப் பார்ப்பார். தாய்மார்களுக்குப் பயம் வந்துவிட்டது. அவர் வந்தால் குழந்தையை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. அதையும் சேர்த்துப் பேசினார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு நகைக்கடைக்கார அம்மா எங்கள் கடைக்கு வந்தார்.

மாட்டுங்காவில் சின்ன நகைக்கடை அவர்களுடையது. சாத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். கணவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். லைசென்ஸ் அந்த அம்மா பெயருக்கு மாறி வந்திருந்தது. கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த பிஸ்டலைக் கவுன்டரில் வைத்துவிட்டு என்னிடம் ஹிந்தியில் தடுமாறினார். நான் தமிழில் பேசியதும் அழுதுவிட்டார். உள்ளே கூட்டிப்போய் மிஸ்திரிக்கு முன்னால் ஸ்டூல் போட்டேன்.

"எனக்கு விரல் எட்டலை அண்ணாச்சி. எட்டுற மாதிரி வெச்சுத் தரணும்."

"யாரு தாயி உங்களுக்கு எட்டலைன்னு சொன்னது?"

"என் கொழுந்தன்தான். கடைக்கு ஆளுங்களக் கூட்டிட்டு வந்து உக்காருறான். அவுக இருக்கிற வரைக்கும் வாசப்படி ஏற மாட்டான். இது மேஜைக்குள்ள இருக்குன்னு பஜார்ல எல்லாத்துக்கும் தெரியும். இப்ப என் முன்னாலயே, அந்த ஆளுங்க முன்னாலயே சொல்றான், 'மதினி, துப்பாக்கிய வெச்சு அப்பளம் உருட்டுங்க, உங்களுக்கு விரலே எட்டாதே'ன்னு. எல்லாரும் சிரிக்கிறானுங்க. நான் ஒருத்தனையும் சுட வேண்டாம். எட்டும்னு அவனுக்குத் தெரிஞ்சாப் போதும்."

மிஸ்திரி அந்த அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வீட்ல சின்னக் கை உண்டா?"

"ஒரு பையன். எட்டு வயசு."

"நாளைக்கு அவனையும் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் பையன் வந்தான். துறுதுறுவென்று இருந்தான். வந்ததும் வராததுமாக, "மாமா, இது நிசத் துப்பாக்கியா?" என்றான். மிஸ்திரி மரப் பிஸ்டலை முதலில் தாயின் கையில் கொடுத்து அளந்தார். பிறகு பையன் கையில். பிறகு மறுபடி தாய். குதிரையை ஒரு நூல் முன்னால் வைப்பார், அரை நூல் பின்னால் வைப்பார், திருகாணியை இறுக்குவார், தளர்த்துவார். வெளியே இரண்டு வாடிக்கையாளர்கள் காத்திருந்து திரும்பிப் போனார்கள். எனக்கு அவர் தேடுவது புரிந்தது. தாய்க்கு எட்டி, பிள்ளைக்கு எட்டாத ஒரு நீளம். தாய்க்குச் சின்னக் கை. பையனுக்கோ எட்டு வயதிலேயே நீள நீளமான விரல்கள்.

"இவனுக்கு அப்பா கை" என்றார் அந்த அம்மா.

மிஸ்திரி மரப் பிஸ்டலைக் கீழே வைத்தார்.

"முடியாது தாயி. உங்களுக்கு எட்டுறது அவனுக்கும் எட்டும்."

"இழுக்கிறதுக்குக் கஷ்டமா வெச்சுக் குடுங்களேன்?"

"ஸ்பிரிங்க இறுக்கலாம். உங்களாலயும் இழுக்க முடியாது. சின்னப் பய ரெண்டு கையாலயும் இழுப்பான்."

"குண்டைத் தனியா வெச்சுப் பூட்டுறேன்."

"சாவிய எங்க வெப்பீங்க?"

அந்த அம்மா இடுப்பைத் தொட்டுக் காட்டினார். மிஸ்திரி பையனை என்னோடு முன்பக்கம் அனுப்பச் சொல்லிவிட்டு, செம்பூரில் நடந்ததைச் சொன்னார். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. கடைசியில் அந்த அம்மா சொன்னார்:

"அந்த வீட்டுல அவ தூங்கிட்டா அண்ணாச்சி. நான் தூங்க மாட்டேன்."

"எல்லாரும் தூங்குவாங்க தாயி."

சேட் பொறுமை இழந்து உள்ளே வந்தார். "லைசென்ஸ் உஸ்கா, பிஸ்டல் உஸ்கா, உங்கலி உஸ்கீ. தும்ஹாரா க்யா ஜாத்தா ஹை?" என்றார். எல்லாம் அவளுடையது, உனக்கென்ன போகிறது என்று அர்த்தம். மிஸ்திரி எழுந்து நின்று, தன் அரத்தை எடுத்துச் சேட்டிடம் நீட்டினார். சேட் அதை வாங்கவில்லை. அந்த வேலை தெரிந்தவர் கடையில் வேறு யாரும் இல்லை.

அந்த அம்மா பிஸ்டலை மறுபடி கைக்குட்டையில் சுற்றினார். பிறகு வெளியே வந்தார். என் பக்கத்தில் நின்று காலி தோட்டா டப்பாக்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த பையனைப் பார்த்தார். "இது உங்க கடையிலயே இருக்கட்டும்" என்று சேட்டிடம் சொன்னார். துப்பாக்கியைக் கடையில் பத்திரத்துக்கு விட்டுவைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். மிஸ்திரி தட்டியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியான காரியம் செய்துவிட்ட மனிதரின் முகமாக அது இல்லை.

பஜாருக்கு எப்படித்தான் தெரிந்ததோ, தெரிந்துவிட்டது. மேஜைக்குள் இப்போது ஒன்றும் இல்லை என்று. மிஸ்திரி வாரத்துக்கு ஒருமுறை மாட்டுங்காவில் இறங்கி அந்தக் கடை வழியாக நடந்துவிட்டு வருவார். வந்து என்னிடம் சொல்வார். முதலில் கொழுந்தன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்றார். பிறகு உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்றார். மழைக்காலம் முடிவதற்குள், கல்லாவில் அவன்தான் உட்கார்ந்திருக்கிறான், அந்த அம்மாவைக் காணவில்லை என்றார்.

பிறகு ஒருநாள் அந்த அம்மா வந்தார். பிஸ்டலை விற்றுவிட வேண்டும், ஊருக்கே போகிறேன் என்றார். சேட் காகிதம் எழுதும்போது மிஸ்திரி தானாகவே வெளியே வந்து நின்றார்.

"பையன் எப்படி இருக்கான் தாயி?"

"இருக்கான். கடைதான் இல்லை."

மிஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க மேல எனக்குக் கோவமான்னு கேக்காதீங்க அண்ணாச்சி. எனக்கே தெரியலை. அவன் தூங்குறதைப் பாத்தா உங்களக் கும்பிடணும்னு தோணும். எந்திரிச்சு, 'அம்மா, நாம ஏன் கடைக்குப் போகலை'ன்னு கேப்பான். அப்ப வாயில வர்றதை உங்க முன்னால சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான் பேசினார். சேட் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பையன் இன்றைக்கு எங்கேயோ ஒரு ஊரில் உயிரோடு இருப்பான். உங்களைவிட மூத்தவனாக இருப்பான்.

அந்தப் பிஸ்டல் எங்கள் கண்ணாடி அலமாரியில் இருந்தது. தீபாவளி கழிந்த வாரம் அதை வாங்க ஒருவர் வந்தார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, புது லைசென்ஸ். மாட்டுங்கா நகைக்கடை என்று சேட்டிடம் சொன்னபோதே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. "எங்க அண்ணன் வெச்சிருந்தது. வீட்டுச் சாமான் வெளிய போகக் கூடாது பாருங்க" என்று தமிழில் என்னிடமும் சொல்லிச் சிரித்தார். சேட் அவரைப் பட்டறைக்கு அனுப்பினார்.

மிஸ்திரி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்குக் கை போதும். அந்தக் கையைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினார். நீள நீளமான விரல்கள். மரப் பிஸ்டலை எடுத்துக் கொடுக்கவில்லை. அலமாரியிலிருந்து எடுத்துவந்த பிஸ்டலைத் தோட்டா இல்லை என்று திறந்து காட்டிவிட்டு, அப்படியே நீட்டினார்.

அந்த ஆள் பிடித்தார். சுவரை நோக்கி நீட்டினார். விரல் நுனிச் சதை குதிரைமேல் பட்டும் படாமல் உட்கார்ந்தது.

"அட! அண்ணனுக்கு வெச்சது எனக்கும் கணக்கா இருக்கே! ஏதாச்சும் மாத்தணுமா அண்ணாச்சி?"

மிஸ்திரி கிட்டே வந்து குனிந்து, பக்கவாட்டில் ஒருமுறை, மேலிருந்து ஒருமுறை பார்த்தார். மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு வாரம் இழுத்தடித்திருக்கலாம். ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்வாரென்று நான் தட்டிக்கு அருகில் காத்துக்கொண்டு நின்றேன். அளவு விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"ஒரு நூல்கூட மாத்த வேண்டாம்" என்றார். பிஸ்டலை வாங்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து, அந்தக் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.